அஞ்சடியில் கேட்டவை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பினாங்கு குயின் ஸ்திரீட்டில் நான் வளர்ந்த கடைவீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர் தங்கள் தெருவின் கதையை, அங்கே வாழ்ந்தவர்களின் கதையை எப்படி எழுதி வைப்பது என்றே கேட்டிருந்ததால், இம்மாதப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஊறுகாய்ப் பக்குவம் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அம்மா, நான் ஆயர் ஈத்தாமில் ஆசிரியையாக இருக்கிறேன். பிட் ஸ்திரீட் சுற்றுவட்டாரத்தில் நீண்டகாலம் வாழ்ந்த தமிழர், சீனர், மலாய்க்காரர்களின் வாழ்க்கைக் கதைகளை மாணவர்களைக் கொண்டு தொகுக்கிறேன். யாரைக் கேட்டாலும் "அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தோம்" என்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த வினாப் பட்டியலைப் பார்த்தேன். அதன் முதல் கேள்வியே "இன ஒற்றுமை பற்றி உங்கள் கருத்து என்ன?" என்பதாக இருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காப்பி கொடுப்பது போல, அந்தக் கேள்விக்கு ஒரே குடும்பம் என்ற விடையைத்தான் எவரும் எடுத்து நீட்டுவார். அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், சீனர்களின் குவான் யின் கோயில், 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் என அனைத்தும் சில நிமிட நடையில் இருப்பதால், சுற்றுலாக்காரர்கள் அந்தச் சாலைக்கு நல்லிணக்கத் தெரு என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே குடியிருந்த நாங்கள் நல்லிணக்கத்துக்காக ஒன்றாக இருக்கவில்லை. குழாய் ஒன்று, அடுப்படி ஒன்று, கடன் கொடுக்கும் அரிசிக்கடை ஒன்று என்று இருந்ததால் சேர்ந்து இருந்தோம்.

ஆகவே குழாயைப் பற்றிக் கேளுங்கள். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஹொக்கியன் பேசும் சீனக் குடும்பம் ஒன்று ஊதுபத்தியும் காகிதக் காணிக்கைப் பொருள்களும் விற்றது. முன்புற அஞ்சடியில், அதாவது கடைவீட்டு வாசலை ஒட்டிய கூரையிட்ட நடைபாதையில், இராமநாதபுரத்து பாய் ஒருவர் கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு பணம் மாற்றினார். மாடியைப் பலகையால் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் நாங்கள், ஒன்றில் யாழ்ப்பாணத்து கிளார்க் ஒருவர், ஒன்றில் பணக்கார வீடுகளில் ஆயாவாக உழைத்து ஓய்ந்த கன்டனியச் சீன மூதாட்டி ஒருவர். நடுமுற்றத்துக் குழாயில் காலையில் யார் முதலில் வாளி வைப்பது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அது மீறப்பட்ட நாள்களில் எழுந்த சண்டையை நான் நான்கு மொழிகளில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. மூதாட்டிக்குப் பன்றி இறைச்சி இல்லாமல் சோறு இறங்காது. அதனால் அடுப்புக்கு முறை வைத்தார்கள். சட்டிகள் தனித்தனி ஆணிகளில் தொங்கின. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவருக்குச் சைவம். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சைவம். இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் அம்மா முறை பார்க்க மாட்டார். அவருடைய தௌஃபூவும் (சோயாக் கட்டி) எங்கள் சாம்பாரும் ஒரே நெருப்பில் வேகும். இதையெல்லாம் அந்த மூதாட்டி "ஒற்றுமை" என்ற சொல்லால் சொல்லியிருக்கவே மாட்டார். கேட்டிருந்தால், "உன் அம்மா அடுப்பைத் துடைக்காமல் போய்விடுவாள்" என்றுதான் தொடங்கியிருப்பார்.

அடுத்தது, கடன். "யாருடைய கடையில் பற்று வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பேசாதவரும் பேசுவார். எங்களுக்கு அரிசி கொடுத்த தௌக்கேயிடம் (சீனக் கடை முதலாளி) நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் எங்கள் பக்கத்தின் தலையில் சீன எழுத்தில் என்னவோ எழுதியிருக்கும். அப்பாவின் பெயர் என்றே நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். பல ஆண்டுகள் கழித்து என் சீனப் பள்ளித்தோழி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "மூன்று பெண் பிள்ளைக்காரர்" என்று எழுதியிருந்தது. முப்பது ஆண்டு வாடிக்கையாளரின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் எத்தனை திருமணச் செலவு காத்திருக்கிறது என்பது தெரியும். என் அக்காவின் திருமணத்துக்கு முந்திய மூன்று மாதம் அவர் பாக்கி கேட்கவில்லை.

சண்டையையும் விலக்காதீர்கள். 1967 நவம்பரில், பழைய நோட்டின் ஒரு வெள்ளி (டாலர்) 85 காசு ஆகிவிட்டது என்ற அறிவிப்பைத் தொடர்ந்து கடையடைப்பும் கலவரமும் வந்து ஊரடங்கு போட்டபோது, பின்சந்து வழியாக எங்களுக்கு அரிசி வந்தது. எதிர்வரிசையில் இரண்டு வீட்டார், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவர்கள், அந்த வாரம் முதல் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தினார்கள். மாணவர்கள் இரண்டையும் எழுத வேண்டும். அரிசியை மட்டும் எழுதினால் அது பள்ளி விழாவுக்கான நாடகமாகிவிடும்.

கேள்வி: "வீட்டுச் சட்டம் போனது, நாங்களும் தெருவை விட்டுப் போனோம், தைப்பூசத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள்" என்று என் பாட்டி அடிக்கடி சொல்கிறார். எந்தச் சட்டம்? (பாகான் டாலாம் வாசகர்)

பதில்: 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சொல்கிறார். 1948 ஜனவரி 31-ஆம் தேதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு அது கவசமாக இருந்தது. வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்றவோ ஆளை வெளியேற்றவோ முடியாது. ஜார்ஜ் டவுன் நடுப்பகுதியின் கடைவீடுகளில் மிகப் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை என்பதால், நகரத்தின் நடுவில் பூக்கட்டுபவரும் செருப்புத் தைப்பவரும் துறைமுகக் கூலியும் சொற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்தது. அதற்கு மறுபக்கமும் உண்டு. வாடகை உயராதபோது ஒழுகும் கூரையைச் சீராக்க வீட்டுக்காரருக்கு மனம் வராது. முழு வீட்டையும் எடுத்த தலைமைக் குடியிருப்பாளர், அறைகளை மறுவாடகைக்கு விட்டு வீட்டுக்காரரை விட அதிகம் சம்பாதித்த கதைகளும் எங்கள் தெருவிலேயே இருந்தன.

1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இடைக்கால அவகாசம் 1999 முடிவோடு தீர்ந்தது. 2000-ஆம் ஆண்டின் தைப்பூசம் ஜனவரியில் வந்தது. பாட்டியின் கணக்கு சரியாகவே இருக்கிறது, அவர் நினைவைச் சந்தேகிக்க வேண்டாம். அதன் பிறகு வாடகை பல மடங்கு ஏறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தீவின் அடுக்குமாடிகளுக்கும் அக்கரைக்கும் போயின. காலியான வீடுகள் சிலவற்றில், உண்ணப்படும் கூடுகளுக்காக வளர்க்கப்பட்ட உழவாரன் குருவிகள் குடியேறின. மனிதர்கள் போன மாடியில் ஒலிபெருக்கி வழியாகக் குருவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளை நான் இன்னும் மறக்கவில்லை. 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றியபோது, அந்த மரபை உடம்பில் சுமந்தவர்களில் பலர் உங்கள் பாட்டியைப் போல ஃபெரியேறி அக்கரை போய் எட்டாண்டுகள் ஆகியிருந்தன.

பாட்டியிடம் ஒன்றை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: வாடகையை மாதந்தோறும் யார் கையில் கொடுத்தார்? தனி முதலாளியா, சீனக் குலச் சங்கமா, பள்ளிவாசல் வக்ஃபா, கோயில் சொத்தா? அந்தத் தெருக்களில் நால்வகையும் உண்டு. யாருடைய வீடு என்பதைப் பொறுத்து, வெளியேறிய கதையும் மாறும்.

கேள்வி: முதியவர்களுக்கு ஆண்டு நினைவில்லை. காலத்தை எப்படி நிர்ணயிப்பது? (ஜெலுத்தோங் வாசகி)

பதில்: "எந்த ஆண்டு?" என்று கேட்காதீர்கள். "ஜப்பான்காரன் வருவதற்கு முன்பா, பின்பா?" என்று கேளுங்கள். 1941 டிசம்பரில் குண்டு விழுந்ததையும், ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டையும், மரவள்ளிக்கிழங்கையும் அந்தத் தலைமுறை மறக்காது; அவர்களில் இன்று இருப்பவர்கள் மிகச் சிலர் என்பதால் அவர்களிடம் முதலில் போங்கள். அடுத்த தலைமுறைக்கு, நாகப்பட்டினத்திலிருந்து ஆள்களை ஏற்றிவந்த ரஜூலா கப்பல், 1969-இல் பினாங்கு சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது, கொம்தார் கோபுரம் எழுந்தது, 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தது ஆகியவை போதும். 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து 32 பேர் இறந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குவான் யின் திருநாளுக்கு வந்த சீனர்களும், புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போன கத்தோலிக்கர்களும் அந்த நெரிசலில் இருந்ததால், எந்த இனத்தவரைக் கேட்டாலும் அன்று தாம் எங்கே நின்றோம் என்று சொல்வார்.

கேள்வி: எங்கள் பழைய தெருவில், தமிழ்க் குடும்பம் தத்தெடுத்து வளர்த்த சீனப் பாட்டி ஒருவர் இருக்கிறார். சேலைதான் கட்டுவார்; தமிழ்தான் பேசுவார்; மாரியம்மனுக்குத் தவறாமல் விரதம் இருப்பார். அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எதை எழுதுவது? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: அக்கம்பக்கத்தார் சொன்ன எதையும் எழுத வேண்டாம்.

இந்நாட்டில் இப்படி வளர்ந்தவர்கள் பலர். வறுமையில் இன்னொரு பெண் குழந்தைக்குச் சோறு போட வழியில்லாத வீடுகள் கொடுத்தன. புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையாலும், இந்தக் குழந்தையின் ராசி பெற்றோருக்குப் பொருந்தாது என்று குறிகாரர் சொன்னதாலும் கொடுக்கப்பட்டவர்கள் உண்டு. வாங்கியவர்களில் குழந்தையில்லாதவர்கள் இருந்தார்கள். ஏற்கெனவே ஐந்து பெற்ற பின்னும், வாசலில் வந்து நின்றதைத் திருப்பி அனுப்ப மனமில்லாதவர்களும் இருந்தார்கள். இவை பொதுவான காரணங்கள். அந்தப் பாட்டியின் காரணம் எது என்பதைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. ஒருவேளை அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

நானே இதில் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஓர் அம்மையாரைப் பற்றிப் பெயர் சொல்லாமல்தான் எழுதினேன். பெயர் இல்லாவிட்டால் என்ன, வீட்டு வாசலில் இருந்த மருதாணிச் செடியைக் குறிப்பிட்டிருந்தேனே. தெருவில் வேறு எந்த வீட்டில் மருதாணி இருந்தது? தாய் வீடு அவரை எவ்வளவுக்குக் கொடுத்தது என்ற ஒரு வரி அதில் இருந்தது. பக்கத்து வீட்டார் சொன்னது. அவருடைய பேரன் அதைப் படித்துக் காட்டியபோதுதான் அந்தத் தொகையை அவர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார், பலகாரம் கொடுத்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு அவர் இருந்தவரை என்னிடம் எதையும் சொன்னதில்லை.

எனவே அந்தப் பாட்டியிடம் பிறப்பைக் கேட்காதீர்கள். சமைக்கக் கற்றுக்கொடுத்தது யார், பள்ளிக்கு எந்தப் பெயரில் போனார், அடையாள அட்டை எடுக்கப் போன நாளில் அதிகாரி என்ன கேட்டார், சீனப் புத்தாண்டு நாளில் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பிறப்புக் கதையை அவர் சொல்ல நினைத்தால் அந்தக் கேள்விகளின் இடுக்கில் தானே வந்துவிடும். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்குத் தமிழில் முழுவதும் படித்துக் காட்டுங்கள். "இதை எடுத்துவிடு" என்று சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தெருவின் சீனப் பெரியவர்களைச் சந்திக்கும்போது எந்த மொழியில் பேசுவது? எனக்கு ஹொக்கியன் வராது. (பத்து லஞ்சாங் இளைஞர்)

பதில்: சந்தை மலாயில் தொடங்குங்கள். அவர் உங்கள் தாத்தாவோடு பேசியது அந்த மொழியில்தான். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரே மனிதர், தமிழ்ப் பிள்ளையிடம் மலாயில் சொல்லும் கதையும், தம் பேரனிடம் ஹொக்கியனில் சொல்லும் கதையும் ஒன்றாக இருப்பதில்லை. முதலில் வருவது வியாபாரக் கதை. இரண்டாவதில்தான் தங்கை இறந்தது வரும். முடிந்தால் பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டாம் முறை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

பேச்சுக்கு இடையே வரும் சொற்களையும் குறித்து வையுங்கள். மலாயில் கெடாய் என்கிறார், அது நம் கடை; முதலுக்கு மோடால் என்கிறார்; பெட்டியும் கட்டிலும் கப்பலும் ஏறக்குறைய அப்படியே அந்த மொழியில் இருக்கின்றன. நாமும் பசார் இல்லாமல் காய்கறி வாங்குவதில்லை. யார் யாரோடு வியாபாரம் செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னொன்று. பெரியவர்கள் பிற இனத்தாரைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்கள் உங்களைச் சுடலாம். "கெலிங்" என்பது கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பழைய சொல். கப்பித்தான் கெலிங் என்பது ஒரு காலத்தில் இந்தியச் சமூகத் தலைவரின் பதவிப் பெயர். அதையே இன்று முகத்துக்கு நேரே சொன்னால் வசை. நம் வீடுகளில் சீனரைப் பற்றிப் புழங்கும் சொற்களும் பூமணம் வீசுபவை அல்ல. சொன்னதைச் சொன்னபடி எழுதி, எந்தத் தொனியில் சொன்னார் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். திருத்தி எழுதினால் அவருடைய காலம் கைநழுவிவிடும்.

கேள்வி: தெருப்பெயரைப் பழையபடி எழுதுவதா, புதியபடி எழுதுவதா? (புலாவ் திக்குஸ் வாசகர்)

பதில்: பேசுபவர் சொன்னபடி எழுதிவிட்டு, இன்றைய பெயரை ஒருமுறை மட்டும் கூடச் சொல்லுங்கள். பிட் ஸ்திரீட் இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். வயதானவர்கள் யாரும் அந்த நீளத்தைச் சொல்வதில்லை. ஒவ்வொரு இனமும் தனக்கென ஒரு வரைபடம் வைத்திருந்தது. வாட்டர்ஃபால் பகுதி நமக்குத் தண்ணீர்மலை. வெளுப்பவர்கள் வாழ்ந்த இடம் நமக்கு வண்ணான் துறை. ஆர்மேனியன் ஸ்திரீட்டைச் சீனர்கள் செம்பு தட்டுவோர் தெரு என்று அழைத்தார்கள். கம்போங் மலபாரை அவர்கள் ஜப்பான் புதுச்சாலை என்பார்கள். பெயர்ப் பலகையில் மலபார், பேச்சில் ஜப்பான்! அங்கே யார் யார் வந்து போனார்கள் என்பது அந்த இரண்டு பெயரிலேயே கிடக்கிறது.

கேள்வி: இப்போது லிட்டில் இந்தியாவில் வேலை செய்பவர்கள் பலரும் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களைத் தெருவாசிகள் என்று சேர்த்துக்கொள்ளலாமா? என் நண்பர்கள் கூடாது என்கிறார்கள். (குளுகோர் வாசகர்)

பதில்: உங்கள் நண்பர்களின் தாத்தாக்கள் எப்படி வந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பினாங்கு ஸ்திரீட்டின் செட்டியார் கிட்டங்கிகளில் (வட்டிக்கடைக் கூடங்களில்), ஒரு நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் மேசையும் வைத்துக்கொண்டு, இரவில் அதே பெட்டியடியில் பாய் விரித்துப் படுத்தவர்கள், மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்ப நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தாம். பெட்டியடிப் பையன்களாக வந்தவர்களுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. தங்கிப் போனவர்கள் அல்லவா என்று அவர்களை யாரும் தெருவின் கதையிலிருந்து நீக்கவில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் அந்தத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் அவர்கள் செய்து கொண்டுவந்தது. வழியெங்கும் அதன் முன் மலைமலையாகத் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று இந்த ஆண்டு நின்று பாருங்கள். இராமநாதபுரத்து பாய்மாரும் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களே. 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ பேர் வேலை அனுமதி கேட்டு அலைந்து, கிடைக்காமல் கப்பலேறினார்கள். அனுமதிச் சீட்டைப் பற்றிய கவலை இந்தத் தெருவுக்குப் புதிதல்ல.

சாப்பாட்டுக் கடையின் மாடியில் தங்கியிருக்கும் தம்பிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எச்சரிக்கை வேண்டும்: அவர்கள் சொல்லும் ஒரு வரி வேலையைப் பறித்துவிடக்கூடும். படம் வேண்டாம், கடைப்பெயர் வேண்டாம், ஊர்ப்பெயர்கூட வேண்டாம். முதலாளி இருக்கும்போது பேட்டி எடுக்காதீர்கள். இரவு பதினொன்றரைக்கு மேல் அஞ்சடியில் நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டு, ஊருக்குத் தொலைபேசியில் பேசி முடித்த பிறகு, பத்து நிமிடம் கிடைக்கும்.

கேள்வி: பதிவு செய்ய நல்ல கருவி வாங்க வேண்டுமா? கைப்பேசி போதுமா? (நிபோங் திபால் மாணவி)

பதில்: போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு உட்காருங்கள். பதிவில் குரலை விட அதன் சத்தம் பெரிதாக விழும். பெரியவர் வியர்க்கத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டு விசிறியைப் போட்டுவிடுங்கள். விசிறி ஓடத் தொடங்கியதும் அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளக் கையோடு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள்.